வாலில் மூன்று வளையம்

பாம்பைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் என் கணவர் கலையரசனுக்குப் பொறுக்காது. மனிதர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம். அவருடைய சித்தி என்னை வாய்க்கு வந்தபடி பேசிய அன்று, "விடு பானு, பெரியவங்க, பேசிட்டுப் போறாங்க" என்று எனக்குத்தான் சமாதானம் சொன்னார். அதே மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், சாரைப் பாம்பும் நல்ல பாம்பும் புருஷன் பெண்டாட்டி என்று பக்கத்து இலைக்காரர் சொல்லிவிட்டார். ரசம் போனதும் தெரியாமல், பாயசம் போனதும் தெரியாமல் அந்த மனுஷனுக்கு இவர் பாடம் எடுத்தார். இலை எடுக்க வந்தவர் நின்று பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். ஆராய்ச்சி பவளப் பாம்பைப் பற்றி. அந்த ஆராய்ச்சியை டைப் அடிக்கத்தான் ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு முதலில் வந்தார். ஒரு வரி தப்பினால் அவருக்கு மூக்கு விடைக்கும். எனக்கோ திட்டு வாங்கினால் திருப்பித் திட்டாமல் இருக்க முடியாது. முழு ஆராய்ச்சியையும் இப்படிச் சண்டை போட்டே முடித்தோம். முடித்தபோது இனி வேறு யாரோடும் இவ்வளவு சண்டை போட முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துபோனது, கல்யாணம் செய்துகொண்டோம்.

எனக்குத் தெரிந்த பாம்புப் படிப்பெல்லாம் அந்த டைப்பிங்கில் வந்ததுதான். பவளப் பாம்பில் மட்டும் உலகத்தின் வெப்ப நாடுகளில் நூறு வகைக்கு மேல் உண்டு. அமெரிக்கா பக்கம் இருப்பவை சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகத் திருவிழாக் கடை வளையல் மாதிரி பட்டை பட்டையாக இருக்கும். மலேசியா பக்கம் ஒன்றுக்கு உடம்பு கருநீலம், தலையும் வாலும் சிவப்பு. நம் பக்கத்தில் இருப்பது ஷூ லேஸ் தடிமன்தான். தலை கறுப்பு, முதுகு மண் நிறம், வாலில் இரண்டு கறுப்பு வளையம். புரட்டிப் பார்த்தால்தான் வயிற்றில் பவளச் சிவப்பு தெரியும். மண்ணுக்குள் கிடக்கும், விஷமில்லாத புழுப்பாம்பைப் பிடித்துத் தின்னும், கண்ணிலேயே படாது. ஊரில் அதையும் புழுப்பாம்பு என்றே சொல்லிவிடுவார்கள். ஆனால் எல்லாப் பவளப் பாம்பும் நல்ல பாம்புக்குப் பங்காளி, அத்தனைக்கும் விஷம் உண்டு.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அவர் உப்பிலியபுரத்துக்குப் போயிருந்தார். பச்சைமலை அடிவாரத்தில் அடைக்கலம் என்று ஒரு விவசாயி, இவருக்குச் சிநேகிதர். அவருடைய சின்ன வெங்காயக் காட்டில் கல் பொறுக்கும்போது மெலிசாக ஒரு பாம்பு தெரிந்ததாம், போன் போட்டுச் சொல்லியிருந்தார். நான் கடையில் யாருக்கோ ஆதார் அட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது வாட்ஸப்பில் கணவரின் குரல் வந்தது.

"பானு, பவளம் கெடச்சிருச்சு. வால்ல மூணு வளையம் இருக்கு. ரெண்டு இல்ல, மூணு. கழுத்துகிட்ட வேற ஒரு பட்ட இருக்கு. இது இதுவரைக்கும் யாரும் எழுதுன வகையே இல்ல பானு." அதோடு ஒரு சிரிப்பு. "வெரல் இடுக்குல ஒரு கடி கடிச்சிருச்சு. பயப்படாத. நம்ம ஊர்ப் பவளம் கடிச்சா கொஞ்சம் வீங்கும், அரிக்கும், அவ்ளோதான்."

உடனே கூப்பிட்டேன். "யாருமே எழுதாத வகைன்னு நீங்களே சொல்றீங்க. அது கடிச்சா அவ்ளோதான்னு யாரு எழுதி வச்சிருக்கா? ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன். "நாலு போட்டோ எடுத்துட்டு வந்துடறேன்" என்றார்.

பாம்பு என்றால் என்னவென்று தெரியாதவர் கடித்ததும் தலைதெறிக்க ஓடியிருப்பார், பிழைத்திருப்பார். இவர் வாலைப் புரட்டிப் புரட்டிப் போட்டோ எடுத்திருக்கிறார். அப்புறம் பாம்பைத் துளை போட்ட டப்பாவில் விட்டு, பைக்குள் பத்திரப்படுத்தி, அடைக்கலத்தின் காரில் ஏறியிருக்கிறார். துறையூரில் ஆஸ்பத்திரி வாசலில் அடைக்கலம் வண்டியை நிறுத்தினாராம். "ஒண்ணுமில்லங்க, வீட்டுக்கே போங்க" என்று இவர்தான் கிளப்பிவிட்டிருக்கிறார். கொஞ்ச தூரத்தில் இமை தொங்கிப்போனது. பேச்சு குழறியது. மண்ணச்சநல்லூர் தாண்டியதும் மூச்சு திணறியது, அப்புறம் எங்கேயோ நின்றே போய்விட்டது. அடைக்கலம் கையால் ஹாரனை அழுத்தியபடியே புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் கொண்டுவந்து சேர்த்தார். மூச்சு நின்று எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டதற்கு அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார், அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஒரு கேள்விதான் எங்கள் எல்லோரையும் கொன்றது.

டாக்டர் ஜென்சி எனக்கு நிதானமாகவே விளக்கினார். "விஷமுறிவு மருந்து நாலு பாம்புக்குத்தாங்க இருக்கு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இது அந்த நாலுல இல்ல. இருந்தாலும் போட்டுப் பாத்தோம், பிரயோஜனம் இல்ல. ஆனா மெஷின் மூச்சு விட்டுக்கிட்டே இருந்தா, விஷம் தானா எறங்கும். அது பிரச்சனை இல்ல."

"அப்ப எது பிரச்சனை?"

"வழியில மூச்சு நின்னுச்சு இல்லீங்களா? மூளைக்குக் காத்து இல்லாம எவ்ளோ நேரம் போச்சுன்னு தெரியல. இவரு அசையாம இருக்கறது விஷத்தாலயா, மூளை போனதாலயான்னு இப்பப் பிரிச்சுச் சொல்ல முடியல. ரெண்டும் வெளிய பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும்."

மூளையின் ஓட்டத்தைப் பார்க்கும் மெஷின் அந்த ஆஸ்பத்திரியில் ரிப்பேராகிச் சென்னைக்குப் போயிருந்தது. மெஷினைக் கழற்றாமல் இவரை வேறு இடத்துக்குத் தூக்கிப் போவதும் ஆபத்து. காத்திருந்து பார்ப்போம் என்றார்கள். காத்திருந்தோம். கண்ணைத் திறந்து டார்ச் அடித்தார்கள், கருவிழி சுருங்கவில்லை. நகத்தை அழுத்தினார்கள், முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் டாக்டர் வருவார், பார்ப்பார், உதட்டைக் கடித்துக்கொண்டு போவார். நான் கடையைப் பூட்டியது பூட்டியதுதான். காவிரிப் பாலத்தில் போய் வந்துகொண்டிருந்தவள் அப்புறம் அதையும் விட்டு ஐசியூ வாசல் நாற்காலியிலேயே கிடந்தேன். பெருமாளைக் கூப்பிட்டேன், திட்டினேன், மறுபடியும் கூப்பிட்டேன்.

வையம்பட்டியிலிருந்து என் மாமியார் காளியாயியும் கணவரின் அண்ணன் ராமரும் வந்துவிட்டார்கள். இரண்டு பேரும் நல்லவர்கள். அதுதான் கஷ்டம். கெட்டவர்களாக இருந்திருந்தால் நான் ஒரே பேச்சில் விரட்டியிருப்பேன்.

என் மாமனார் பல வருஷத்துக்கு முன்னால் தென்னை மரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் செத்துப்போனவர். விபத்துச் சாவு, அதுவும் ஆஸ்பத்திரியில் என்பதால் போஸ்ட்மார்ட்டம் செய்தார்கள். அறுத்த உடம்பை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். துணியில் சுற்றித் தைத்து, வேனிலேயே நேராக மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். என் மாமியார் வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்திருக்கிறார். ஒரு சொம்பு தண்ணீர் அவர் தலையில் ஊற்ற முடியவில்லை, முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேன் வாசலில் நிற்காமலே போய்விட்டது. அதை அவர் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் அந்தக் குடத்தைச் சொல்லுவார்.

பாம்பு கடித்து ஆஸ்பத்திரியில் செத்தாலும் போஸ்ட்மார்ட்டம்தான். இதை யாரோ ஐசியூ வாசலில் அவர் காதில் போட்டுவிட்டார்கள்.

"பானு, உசுரு இங்க போகக் கூடாது தாயி" என்றார் என் மாமியார். "மெஷின்ல ஓடற உசுருதானே. மெஷினோட வண்டியில ஏத்தி வீட்டுக்குக் கொண்டுபோயிடுவோம். கூடத்துல படுக்க வச்சு, வாயில ரெண்டு சொட்டுப் பால விட்டு, அப்புறம் எடுக்கட்டும். எம்புள்ளைய அறுக்க விடமாட்டேன்."

"அத்தை, அவரு சாகல. நீங்களே சாகடிக்காதீங்க."

"எனக்கு மட்டும் ஆசையா?"

இப்படி நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டே சண்டை போட்டோம். ராமர் மாமா பக்கத்தில் நின்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஜென்சியிடம் போய், "ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க, வருவாரா?" என்று கேட்டேன். "வருவாருன்னு சொல்ல எங்கிட்ட ஒரு அடையாளமும் இல்லீங்க" என்றார். பொய் சொல்லத் தெரியாத பெண். அதற்கு மேல் நான் சண்டை போடவில்லை. மறுநாள் மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று ராமர் மாமா கேட்டபோது நான் தலையாட்டினேன். கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் ஐசியூவில் ஒருவர் இருவராகப் போய்ப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். முதலில் என் மாமியார் போனார். மகன் காதோரமாகக் குனிந்து, தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகப் பேசினார். திறந்திருந்த கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற எனக்கும் கேட்டது. "வீட்டுக்குப் போயிடலாம் சாமி. அப்பா பக்கத்துலயே எடம் பாத்தாச்சு. வேப்பமரத்தடி. வெயிலே படாது. பயப்படாத." தாலாட்டுப் பாடுகிற குரலில் அதைச் சொன்னார். கேட்கச் சகிக்காமல் நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

அப்புறம் நானும் ராமர் மாமாவும் உள்ளே போனோம். நர்ஸ் ஆபிதா பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தாள். ராமர் மாமா தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எத்தன பாம்பப் புடிச்சவன். போயும் போயும் ஒரு புழுப்பாம்பு கடிச்சா இவன் போவணும்?" என்றார்.

தலைமாட்டில் இருந்த திரையில் நாடித் துடிப்பின் எண் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் எழுபத்தெட்டு, எண்பது என்று செத்த எறும்பு மாதிரி நகராமல் கிடந்த எண். அது எண்பத்தெட்டானது. தொண்ணூற்றைந்தானது. நூறைத் தாண்டியது.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆபிதா ஒயர் கழன்றுவிட்டதா என்று பார்த்தாள், கழலவில்லை. கொஞ்ச நேரத்தில் எண் தானாக இறங்கியது.

"மாமா, இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க."

"எதம்மா?"

"பாம்பு பேர. சொல்லுங்க."

"புழுப்பாம்பு."

எண் மறுபடி ஏறியது. நான் குனிந்து அவர் காதில், "அது புழுப்பாம்பு இல்ல. பவளப் பாம்பு. மாமாவுக்குத் தெரியாம சொல்லிட்டாங்க" என்றேன். எண் இறங்கியது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மனுஷன் உள்ளே இருக்கிறார். பெண்டாட்டி அழுதால் ஏறாத நாடி, பாம்பின் பேரைத் தப்பாகச் சொன்னால் ஏறுகிறது. இதை வேறு யாரிடம் சொன்னாலும் எனக்குப் பைத்தியம் என்பார்கள். அப்படித்தான் சொன்னார்கள். ராமர் மாமா என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போகப் பார்த்தார். "ஆசையில அப்படித் தெரியும்மா. வண்டி கீழ வந்துருச்சு. எதையும் மனசுல வச்சுக்காத, வா."

"வண்டியத் திருப்பி அனுப்புங்க மாமா."

"ஏம்மா பானு..."

"தொட்டீங்கன்னா இங்கயே கத்துவேன்."

ஆபிதா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "சத்தம் கேட்டாக்கூட சில பேருக்கு நாடி ஏறுங்க்கா" என்றாள் தயங்கித் தயங்கி. ஆனால் அவளே போய் டாக்டரைக் கூப்பிட்டு வந்தாள். அவள் மட்டும் அன்று போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

டாக்டர் ஜென்சி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. "உங்க குரலுக்கே ஏறலாம். நீங்க பதட்டமா பேசறீங்க, அதுக்கும் ஏறலாம். நானே சொல்றேன், ஒரே குரல்ல. சரியானது கொஞ்சம், தப்பானது கொஞ்சம் எனக்குச் சொல்லிக் குடுங்க. எது சரி எது தப்புன்னு எங்கிட்ட சொல்லாதீங்க. எனக்கும் தெரியக் கூடாது."

என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். நான் சொல்லச் சொல்ல அவர் போனில் அடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் ஞாபகம் வராமல் போய்விடுமோ என்றிருந்தது. ஆனால் என் கணவர் திட்டித் திட்டி அடிக்க வைத்த வரிகள், மறக்குமா? எல்லாம் வரிசையாக வந்தன. எனக்குக் கீழே வாசலில் அந்த வண்டி நிற்பதுதான் தெரிந்துகொண்டே இருந்தது.

உள்ளே வந்து டாக்டர் கட்டிலருகே நின்றார். நான் ஒரு மூலையில், வாயைத் திறக்கக் கூடாது என்ற கட்டளையோடு. ராமர் மாமாவும் மாமியாரும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே.

"பவளப் பாம்பு மண்ணுக்குள்ள வாழும்" என்று வாசித்தார் டாக்டர். எண் எண்பதில் நின்றது.

"பவளப் பாம்பு விரியன் குடும்பத்தைச் சேர்ந்தது."

எண் நூறைத் தொட்டது. டாக்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அது இறங்கும் வரை காத்திருந்தார்.

"மலேசியாவில் உள்ள ஒரு பவளப் பாம்புக்குத் தலையும் வாலும் சிவப்பு." எண் அசையவில்லை.

"சிவப்பும் மஞ்சளும் ஒட்டியிருந்தா விஷம், சிவப்பும் கறுப்பும் ஒட்டியிருந்தா விஷமில்ல. இது உலகத்துல உள்ள எல்லாப் பவளப் பாம்புக்கும் பொருந்தும்."

வாட்ஸப்பில் இந்த வரியை யார் அனுப்பினாலும் இவர் ராத்திரி சோறு சாப்பிடாமல் உட்கார்ந்து பதில் அடிப்பார். வட அமெரிக்காவைத் தாண்டினால் அந்தக் கணக்குப் பொய், நம்பி ஒருத்தன் கையில் எடுத்தால் செத்துப்போவான் என்று கத்துவார். எண் நூற்றுப் பதினைந்துக்குப் போனது. ஆபிதா "யா அல்லா" என்று முணுமுணுத்தாள்.

"பவளப் பாம்பு முட்டை போடாது, குட்டி போடும்" என்று அடுத்ததை வாசித்தார் டாக்டர்.

எண் எண்பத்திரண்டு. அப்படியே நின்றது.

அது தப்பான வரி. முட்டை போடும். ஏற வேண்டும், ஏறவில்லை. டாக்டர் அதையே திரும்ப வாசித்தார், அப்போதும் ஏறவில்லை. இன்னொரு வரி வாசித்தார். அதுவும் தப்பான வரிதான், அதற்கும் ஏறவில்லை. டாக்டர் போனைக் கீழே இறக்கி என் முகத்தைப் பார்த்தார். சொல்லாமலேயே என் முகத்தில் எல்லாம் தெரிந்திருக்கும். கதவுக்கு வெளியே ராமர் மாமா கையைக் கூப்பி, போதும் என்பது போலத் தலையசைத்தார்.

"களைச்சுப் போயிருக்கலாம்" என்றார் டாக்டர். "இல்ல, முன்னாடி ஏறினது தற்செயலாவும் இருக்கலாம். இத வச்சு இவருக்கு நெனவு இருக்குன்னு நான் எப்படிங்க எழுதுவேன்?"

எனக்கு வெறி வந்துவிட்டது. வாயைத் திறக்கக் கூடாது என்றார்கள், திறந்தேன். கட்டிலருகே போய் அவர் காதுக்கு மேலே குனிந்தேன். அவர் பாம்பு அந்த நேரம் அடைக்கலத்தின் வீட்டில், துளை போட்ட டப்பாவில், ஈர மண்ணில், உயிரோடு இருந்தது. டப்பாவை எடுத்துப் போயிருந்த அடைக்கலம் தினமும் எனக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்க மூணு வளையத்த அடைக்கலம் அடிச்சுக் கொன்னுட்டாரு" என்றேன். "அன்னைக்கே கொன்னுட்டாரு. பாலு ஊத்தி, வெறகு அடுக்கிக் கொளுத்திட்டாரு. சாம்பலக்கூட வாய்க்கால்ல கரைச்சாச்சு. போட்டோவும் இல்ல. உங்க போன் தண்ணியில விழுந்துருச்சு. அப்படி ஒரு பாம்ப நீங்க பாத்தீங்கன்னு இனிமே ஒருத்தனும் நம்ப மாட்டான்."

தொண்ணூறு. நூற்றுப் பத்து. நூற்று முப்பது. மெஷின் கீச்சிடத் தொடங்கியது. இரத்த அழுத்தத்தின் எண்ணும் கூடவே ஏறியது. அவர் முகத்தில் ஒரு சதை அசையவில்லை, மூடிய இமை மூடியபடியே இருந்தது. ஆனால் இமைக்குக் கீழே, பிளாஸ்டர் ஒட்டியிருந்த ஓரத்தில், ஈரம் கசிந்து காதுப் பக்கம் இறங்கியது. ஆபிதாதான் அதை முதலில் பார்த்துக் கை நீட்டிக் காட்டினாள்.

"பொய்யி" என்று அலறினேன். "பொய்யிங்க, பாம்பு இருக்கு. உசுரோட இருக்கு. அடைக்கலம் வீட்டுல டப்பாவுல இருக்கு. போட்டோ எல்லாம் எங்கிட்ட இருக்கு. மூணு வளையம், கழுத்துல ஒரு பட்ட. எல்லாம் இருக்கு." அவர் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னேன். எண் இறங்கி எண்பத்தைந்துக்கு வரும் வரை சொன்னேன்.

டாக்டர் ஜென்சி நான் கையெழுத்துப் போட்ட தாளை ஆபிதாவிடம் கேட்டு வாங்கி, இரண்டாகக் கிழித்தார். "உள்ள இருக்காரு" என்றார். "எல்லாம் கேக்குது அவருக்கு. ஒடம்பத்தான் விஷம் கட்டிப் போட்டிருக்கு. மெஷினை யாரும் தொடக் கூடாது." அப்புறம் ஆபிதாவிடம் குரலைத் தாழ்த்தி, தூங்க வைக்கும் மருந்து ஒன்றைச் சொன்னார். "இவ்ளோ நாள் முழிச்சிக்கிட்டா கெடந்தாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனார்.

ராமர் மாமா வாசலிலேயே உட்கார்ந்து துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து கீழே போய் வண்டிக்காரரை அனுப்பிவிட்டு வந்தார். வந்ததும் என் எதிரில் நின்று, "மன்னிச்சுரும்மா" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. நானும்தானே தலையாட்டினேன்.

மாமியாரைக் காணவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். சந்தோஷப்பட்டு ஓடி வருவார் என்று நினைத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"எல்லாம் கேக்குமாமே பானு. அந்த டாக்டரம்மா சொன்னாங்க."

"ஆமா அத்தை. வாங்க, வந்து பேசுங்க."

"காலையில நான் பேசுனேனே." நான் கையைப் பிடித்துத் தூக்கினேன். எழுந்திருக்க மாட்டேன் என்றார், அவன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றார். தூக்கித்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

உள்ளே வந்ததும் அவர் மகனின் தலைமாட்டுக்குப் போகவில்லை. கால்மாட்டிலேயே நின்று பாதத்தைத் தொட்டார். அப்புறம் மெல்ல மெல்ல நகர்ந்து காதோரம் வந்தார்.

"சாமி, அம்மாடா" என்றார். "காலையில எடம் பாத்தாச்சுன்னு சொன்னேனே. வேப்பமரத்தடின்னு. அது ஒனக்குக் கேட்டுச்சா?"

எண் ஏறியது. நான் இதுவரை பார்க்காத வேகத்தில் ஏறியது. மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் திரையில் ஏதோ ஓடுகிறது என்று தெரிந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன தாயி சொல்றான்? கேட்டுச்சுங்கறானா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு உண்மை வாயில் வரவில்லை. திரைக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"கேக்கலையாம் அத்தை. காலையில மருந்து குடுத்துத் தூங்க வச்சிருந்தாங்க. இப்பத்தான் முழிச்சிருக்காரு."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவர் மகனின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு, நல்ல வேளை, நல்ல வேளை என்று முனகினார். என் முதுகுக்குப் பின்னால் மெஷின் கீச்சிட்டது. ஆபிதா மருந்து ஊசியோடு ஓடிவந்தாள், எண்ணைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் சத்தத்தை மட்டும் அணைத்தாள்.